பதினாலாம் நம்பர்க் கடிதங்கள்

ஜானிஸ் ஒன்பது வினாடி திருடியது உண்மைதான். அவளே அதை ஒப்புக்கொள்வாள். ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், யார் வம்புக்கும் போகாதவள். ஊரில் பாதிப்பேர் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு திருட்டுப் பெட்டியை மாட்டிவைத்துக்கொண்டு உலகத்துப் படத்தையெல்லாம் ஓசியில் பார்க்கிறார்கள். அவர்கள் கதவை யாரும் தட்டியதாகக் கேள்வி இல்லை. இவள் எடுத்த ஒன்பது வினாடிக்குத்தான் சட்டம் சோம்பல் முறித்து எழுந்து வந்தது.

சுங்காய் ஊருக்குத் தெற்கே இருந்த செரி மெலோர் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியிருந்தது. முதலில் ரப்பர் மரங்கள் போயின, பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் போயின. கடைசியில் இடுகாடு மட்டும் லாலாங் புல்லுக்குள் மறைந்து கிடந்தது. ஜானிஸின் அப்பா ஸ்டானிஸ்லாஸ் அங்கேதான் படுத்திருக்கிறார். கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுத்தது. வானத்தில் பறக்கும் கேமரா, பின்னணியில் புல்லாங்குழல், அதற்கு மேல் ஒரு கனத்த குரல்: "இது காலி நிலம். உங்கள் கனவு வீட்டுக்காகக் காத்திருக்கும் நிலம்." அந்தக் குரல் இதைச் சொன்ன நேரத்தில் கேமரா பறந்துகொண்டிருந்தது இடுகாட்டுக்கு மேலே. மேலிருந்து பார்த்தால் சிலுவையும் தெரியாது, நடுகல்லும் தெரியாது, வெறும் புல்தான்.

அந்த ஒன்பது வினாடியைத்தான் ஜானிஸ் வெட்டி எடுத்தாள். அதன் பக்கத்திலேயே வேறொரு நாற்பது வினாடியை ஒட்டினாள். அதில் ஒரு பேக்ஹோ இயந்திரம் அதே புல்லைத் தோண்டுகிறது. இரும்புக் கை மேலே எழும்போது அதன் பல்லில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. பலகையின் ஓரத்தில் பித்தளைக் கைப்பிடி. அது எந்தப் பெட்டியின் பலகை என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

'செரி மெலோர் பிள்ளைகள்' என்ற பெயரில் அவள் ஒரு வீடியோ தளத்தில் பக்கம் நடத்தினாள். நடத்துவது யார் என்று அவள் புருஷன் கென்னத்துக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டுமே தெரியும். நான்கே நாளில் இரண்டு லட்சம் பேர் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். மாவட்ட அலுவலகத்தில் யாரோ இடுகாட்டின் கோப்பைத் தேடுவதாகச் செய்தி வந்தது. தோண்டும் வேலை நின்றது. செத்தவர்களுக்கு ஒரு மூச்சு விடும் நேரம் கிடைத்தது என்று ஜானிஸ் நினைத்தாள்.

அந்த இன்னொரு ஆள் அர்ச்சுனன். நாற்பது வினாடியை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். அந்த இடத்தில் பேக்ஹோ ஓட்டும் ஐந்து பேரில் அவனும் ஒருவன். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஜானிஸ் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவன் அம்மா மாரியம்மா இருமினால் இந்தப் பக்கம் ஸ்டானிஸ்லாஸ் எழுந்து வெந்நீர் வைப்பார். இப்போது இரண்டு பேருமே அந்த இடுகாட்டில். இப்போது அர்ச்சுனன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு கம்பெனி வேலையாட்களுக்குப் போட்டுக்கொடுத்த தகரக் குடிலில் இருந்தான். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தோட்டத்தை வெள்ளைக்காரன் ஆண்டபோதும் அதே கணக்குதான், மரத்தை வெட்டியவர்கள் அதை மட்டும் வெட்டவில்லை.

சிம்பாங் பூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெளியே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் அந்த வீடியோவை அவள் போனுக்கு அனுப்பினான்.

"அக்கா, என் போன்லேர்ந்து அழிச்சிட்டேன். இனிமே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. என் பேரு மட்டும் வந்திரக்கூடாது லா. வேல போனா வீடும் போயிரும்."

"உன் பேரு என் வாயிலேர்ந்து வராதுடா. அப்பா மேல சத்தியம்."

"அடுத்து எங்கம்மா வரிசதான்கா," என்றான் அவன். "அன்னிக்கு யாரு மிஷின் ஓட்டப்போறாங்களோ, தெரியல."

அவன் அம்மா வரிசைக்கு அடுத்தது ஸ்டானிஸ்லாஸ் இருந்த வரிசை.

கம்பெனிக்காரர்கள் ஐந்து ஓட்டுநர்களின் போனையும் வாங்கிச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. 'செரி மெலோர் பிள்ளைகள்' பக்கம் தங்களுக்குச் சொந்தமான படத்திலிருந்து ஒன்பது வினாடியை அனுமதியின்றி எடுத்துவிட்டது என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. வீடியோ அன்று காலையே காணாமல் போயிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம், அதில் காப்புரிமை என்று ஒரு வார்த்தை. எலும்பைத் தோண்டியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. புல்லாங்குழல் களவு போனதற்கு மட்டும் அவசர நடவடிக்கை.

கறுப்புக் கட்டத்துக்குக் கீழே ஒரு வழியும் காட்டியிருந்தது. புகார் தவறு என்று நினைத்தால் மறுப்பு எழுதலாம். எழுதினால், புகார் கொடுத்தவர் பத்து வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வீடியோ திரும்பி வரும். ஆனால் மறுப்பு எழுதுகிறவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் கொடுத்தாக வேண்டும். அந்த விவரம் அப்படியே புகார் கொடுத்தவருக்கு அனுப்பப்படும்.

கென்னத் அதை இரண்டு தடவை படித்தான்.

"இது என்ன கூத்து? ஒளிஞ்சிருக்கிறவள வெளிய வர வைக்க அவன் ஒரு புகார் குடுத்தா போதும், இவங்களே அட்ரஸ வாங்கிக் குடுப்பாங்களா?"

"ரூல்ஸ் அப்படித்தான் இருக்கு."

"வேணாம் ஜானிஸ். விட்டுரு."

"விட்டா திங்கக்கிழமை தோண்ட ஆரம்பிச்சிருவான். அர்ச்சுனன் அம்மா இருக்காங்க அங்க. எங்கப்பா இருக்காரு."

கென்னத் மூன்றாம் தடவையும் படித்தான். பிறகு, "இந்த வீட்டு அட்ரஸ மட்டும் குடுக்காதே," என்றான்.

ஜானிஸ் சிரித்தாள். "யாரு குடுப்பா? ஐ.சி.யில என்ன இருக்கோ அதான் லா சட்டப்படியான அட்ரஸ். வந்து தேடட்டும், காடுதான் இருக்கும்."

அவள் அடையாள அட்டையில் முகவரி இன்னும் மாறவில்லை: எண் 14, செரி மெலோர் தோட்டம், மேற்பார்வை ஷரபுதீன் கடை. அந்தத் தோட்டத்தில் பிறந்த யாருடைய அட்டையை எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். தபால்காரர் லயத்துக்குள் வந்த காலமே கிடையாது. எல்லாக் கடிதமும் சாலை முனையில் இருக்கும் ஷரபுதீன் கடைக்கு வரும். அவருடைய வாப்பா காலத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து நாற்பது அறையுள்ள அடுக்கு ஒன்றைச் செய்து, ஒவ்வோர் அறையிலும் லயத்து வீட்டு நம்பரைச் சிவப்பு மையால் எழுதி, கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். வீடுகளை இடித்துப் பல வருஷம் ஆகியும் அடுக்கு அப்படியே இருக்கிறது. ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போனவர்கள்கூட வங்கிக் கடிதத்தையும் சேமநிதிக் கடிதத்தையும் அங்கேயே வரவழைப்பார்கள். சனி ஞாயிறு வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, அவரவர் அறையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த அடுக்குக்குப் பூட்டு இருந்ததே இல்லை. அடுத்தவர் கடிதத்தைத் தொடுகிற பழக்கமும் இருந்ததில்லை.

இடிந்துபோன வீட்டின் முகவரியில் ஒளிந்துகொள்வது நல்ல சாமர்த்தியம் என்று ஜானிஸ் நினைத்தாள். பெயரை எழுதினாள். எண் 14 என்று எழுதினாள். உறுதிமொழிக் கட்டத்தில் குறி போட்டு அனுப்பினாள். அன்று வீட்டில் மீன் குழம்பு. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள், கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காதை வளைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மிஸ் ஜானிஸா?" ஒரு ஆண் குரல், நல்ல தமிழ், ரொம்ப மரியாதை. "ஒண்ணுமில்ல மிஸ், சும்மா கன்ஃபர்ம் பண்ணத்தான் கூப்பிட்டோம். பதினாலாம் நம்பர்தானே?"

"நீங்க யாரு?"

"பதினாலுதானே மிஸ்?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நன்றி மிஸ்," என்று குரல் சொன்னது. போன் வைக்கப்பட்டது.

திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பயம் வந்திருக்காது. நன்றி சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அவளுடைய பெயரைவிட அந்த நம்பரை அவன் பத்திரமாக உச்சரித்தான். ஏன் என்று யோசித்தாள், பிடிபடவில்லை. பெரியவர் கண்ணாடி இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை காலை கென்னத்துக்கு வேலை. அவள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போனாள். ஷரபுதீன் அண்ணன் அடுப்பு முன்னால் நின்று ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கமாக 'வாம்மா ஈப்போக்காரி' என்று கத்துவார். அன்று கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"தங்கச்சி, உனக்கு ஏதும் பிரச்சனையா?"

"ஏண்ணே?"

"வியாழக்கிழமை ஒருத்தன் வந்தான். நல்ல சட்ட, நல்ல காரு. உன் பேருக்கு ஒரு சூராட், கடுதாசி ஒண்ணு கொண்டாந்தான். ஜானிஸ் எங்க இருக்காங்கன்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நான் சொல்வேனா? அவன் சிரிச்சான். பரவால்ல பாஸ், நானே அறையில போட்டுர்றேன்னான். மத்தியானக் கூட்டம் லா, வீட்டுக்காரி சக்கீனாவும் சமையக்கட்டுல. சரி போடுங்கன்னுட்டேன்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஒரு தே தாரிக் குடிச்சான், போயிட்டான். ஆனா நீ வந்து இதப் பாரு."

அடுக்கின் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது அறையிலும் கடிதங்கள் எப்போதும்போல் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்தன, ஓர் அறையைத் தவிர. பதினாலாம் அறையில் எல்லாக் கடிதமும் பெயர் வெளியே தெரியும்படி, ஓரம் தட்டி, சீட்டுக்கட்டுபோல் ஒழுங்காக நின்றன. யாரோ ஒவ்வொன்றாக எடுத்து உறைமேல் இருந்த பெயரைப் படித்துவிட்டு, படித்ததை மறைக்கவும் மெனக்கெடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் நின்றது அவன் கொண்டுவந்த உறை. ஜானிஸ் பிரித்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெற்று உறை. அதற்குப் பின்னால் அவளுடைய வங்கிக் கடிதம் ஒன்று. அதற்குப் பின்னால் சேமநிதி வாரியத்திலிருந்து இன்னொரு கடிதம். அதன் கண்ணாடித்தாள் சன்னலில் தெரிந்த பெயரைப் படித்தாள். திரும்பவும் ஒரு தடவை படித்தாள்.

அர்ச்சுனன், த/பெ கார்த்திகேசு. எண் 14, செரி மெலோர் தோட்டம்.

பதினாலாம் வீடு ஒரே வீடு. நடுவில் பலகைத் தடுப்பு போட்டு இரண்டு குடும்பத்தை அடைத்தது தோட்ட நிர்வாகம். முன் பாதி ஸ்டானிஸ்லாஸ், பின் பாதி மாரியம்மா. வீடு இரண்டானாலும் நம்பர் ஒன்று, கடித அறையும் ஒன்று. சின்ன வயதில் அவன் வீட்டுக் கடிதத்தை எத்தனை தடவை இவள் எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறாள்! அந்த நம்பரை எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. தன்னை ஒளிக்க அவள் தேர்ந்தெடுத்த முகவரி அவனைக் காட்டிக்கொடுக்கும் முகவரி. அவன் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை என்பது என்னவோ உண்மைதான்.

"ஏன் தங்கச்சி இப்படி வேர்க்குது உனக்கு?" என்றார் ஷரபுதீன். "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க இல்லண்ணே," என்றாள். "நான்."

காருக்குள் உட்கார்ந்து அர்ச்சுனனைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"அப்படியா," என்றான். பிள்ளைகளைத் தள்ளிப்போய் விளையாடச் சொல்லிவிட்டு, "அதான் போல," என்றான்.

"என்னடா? என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யலக்கா. நேத்து மேனேஜர் கூப்பிட்டாரு. புதுச் சட்ட ரெண்டு குடுத்தாரு, கம்பெனி பேரு போட்டது. புள்ளைங்க எந்த ஸ்கூல்னு கேட்டாரு. நல்லா சிரிச்சுப் பேசினாரு லா."

"நீ கிளம்பி ஈப்போவுக்கு வந்துரு. எங்க வீட்ல இரு."

"எத்தன நாளைக்கிக்கா?" என்றான்.

அன்றே தளத்துக்கு எழுதினாள். என் மறுப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நான் கொடுத்த முகவரியையும் திரும்ப வாங்கிக்கொடுங்கள் என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மறுப்பைத் திரும்பப் பெறலாம், வீடியோ நிரந்தரமாக நீக்கப்படும். ஏற்கெனவே அனுப்பப்பட்ட விவரங்களைத் திரும்பப் பெற இயலாது. உங்கள் பொறுமைக்கு நன்றி. இங்கேயும் ஒரு நன்றி. போனது போனதுதான், வீடியோவாவது திரும்பட்டும் என்று மறுப்பை அப்படியே விட்டாள். அதில் கொஞ்சம் பிடிவாதம் இருந்தது, கொஞ்சம் அப்பா இருந்தார். தப்பா சரியா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஐந்து, ஆறு, ஏழு என்று நாட்கள் போயின. நீதிமன்றக் கடிதம் எதுவும் வரவில்லை. போனும் வரவில்லை. அர்ச்சுனனுக்கு அனுப்பிய செய்திகளுக்கு 'ஓகே கா' என்று மட்டும் பதில் வந்தது, நேரம் தவறாமல், ஒரே மாதிரி. முன்பெல்லாம் அவன் ஒரு வரி எழுதினால் அதில் நாலு 'லா' இருக்கும். இந்தப் பதில்களை அவன்தான் எழுதுகிறானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கென்னத்திடம் சொன்னாள். அவன் வாசல் கம்பிக் கதவுக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கி வந்தான்.

பத்து வேலை நாளும் முடிந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மின்னஞ்சல் வந்தது. புகார் கொடுத்தவர் வழக்குப் போடவில்லை. உங்கள் வீடியோ மீண்டும் வெளியிடப்பட்டது. ஜானிஸ் பக்கத்தைத் திறந்தாள். கறுப்புக் கட்டம் போயிருந்தது. பேக்ஹோவின் கை எழுந்தது, பலகை எழுந்தது, பித்தளை மின்னியது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். முழுசாக ஒரு நிமிஷம்.

அதற்குக் கீழேயே இன்னொரு வீடியோவைத் தளம் காட்டியது. கம்பெனியின் பக்கத்தில் அன்று காலை வெளிவந்தது. அதே புல்லாங்குழல். அதே புல்வெளி. நடுவில் அர்ச்சுனன், புதுச் சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு. கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ பிடித்திருந்த எதையோ பார்த்துப் படித்தான்.

"நான் இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்த இடத்தில் எதுவும் இல்லை. இது வெறும் மண். இணையத்தில் வந்த வீடியோவைப் பொய்யாகத் தயாரித்துக் கொடுத்தவன் நான்தான். அதற்காக வருந்துகிறேன்."

குரல் அவனுடையது, வார்த்தை ஒன்றுகூட அவனுடையது இல்லை. ஜானிஸ் திரும்பவும் ஓடவிட்டாள். கடைசியில் கேமரா பின்னால் போய் அவன் முழு உருவத்தையும் காட்டியது. இரண்டு வினாடிகூட இருக்காது. அவன் காலில் செருப்பு இல்லை. இயந்திரம் ஓட்டுகிறவன், முள்ளும் பாம்பும் கிடக்கிற புல்லில், புதுச் சட்டையும் புதுக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நின்றான். எந்த இடத்தில் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மாரியம்மாவின் தலைமாட்டில் அவன் எப்போதும் அப்படித்தான் நிற்பான்.

அந்த இரண்டு வினாடியை வெட்டி எடுத்துப் போட்டால் போதும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் புரியும். கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தது, அனைத்து உரிமைகளும் கம்பெனிக்கே சொந்தம் என்று. அவள் விரல் அதன் மேலேயே நின்றது.

போன் அடித்தது. அர்ச்சுனன். பின்னால் இயந்திரம் உறுமும் சத்தம்.

"அக்கா, பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. கால பாத்தேன்."

அவன் அழுவான் என்று நினைத்தாள். அவன் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் அவளைக் கலக்கியது.

"தோண்ட அனுமதி வந்திருச்சுக்கா, எதுவும் இல்லன்னு மாவட்ட ஆபீஸுக்கும் நான்தான் எழுதிக் குடுத்துட்டேனே. இன்னிக்கு அம்மா வரிச. மேனேஜர் பக்கத்துல நிக்கிறாரு. உங்க வீடியோ இருக்கிற வரைக்கும் நான்தான் தோண்டணுமாம். எடுத்துட்டா வேற ஆள விடுவாராம்."

"அர்ச்சுனா..."

"வேற ஆளு தோண்டினா போதும்கா. எனக்கு அது போதும் லா."

இயந்திரம் அவன் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஜானிஸ் போனை வைக்காமலே கடைக் கணினியில் தன் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு லட்சம் பேர் பார்த்த வீடியோ, பத்து நாள் காத்திருந்து மீட்ட வீடியோ. அதன் ஓரத்தில் மூன்று புள்ளி. அதை அழுத்தினாள். அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், வரவில்லை.

நிச்சயமாக நீக்கவா என்று தளம் கேட்டது. இந்தத் தடவை அது அவள் பெயரைக் கேட்கவில்லை. முகவரியும் கேட்கவில்லை.